இரண்டு மாதத்தில் ஒரு நாவல்: பாதியில் வேகம் நின்றுபோனால் என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டிக்காக 60 நாளில் நாவல் எழுதி முடிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். இலக்கு 35,000 சொல். பகலில் அலுவலகம், இரவு ஒன்பதரைக்கு மேல்தான் எழுத நேரம். முதல் பத்து அத்தியாயங்கள், 13,000 சொல், தடதடவென்று வந்துவிட்டன. பதினோராவதில் நின்றுவிட்டீர்கள். லேப்டாப்பைத் திறப்பது, முதல் அத்தியாயத்தைப் படிப்பது, அதில் நாலு வரியைத் திருத்துவது, மூடி வைப்பது என்று ஒரு வாரம் போய்விட்டது. இன்னும் 38 நாள் இருக்கிறது. "ஆர்வத்தைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கதையையும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறீர்கள்: அப்பா இறந்த பிறகு ஊருக்குத் திரும்பும் மகள் செல்வி, விலைக்கு வரும் பூர்வீக வீடு, இரண்டு அண்ணன்கள். அந்தச் சுருக்கம்தான் எனக்கு அதிகம் உதவியது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் எந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளில் மாத நாவல்கள் எழுதத் தொடங்கினேன். பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே, சாணிப் பேப்பரில் அச்சிட்ட நூறு பக்கத்துக்கு முன்னே பின்னேயான நாவல்கள், அவைதான். அப்புறம் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை. இப்போது சில வருடங்களாக, புதிதாக எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்கிறேன். ஆகவே குடும்பக் கதை, காதல் கதை, குற்றக் கதை இவற்றைக் கெடு வைத்து எழுதுவது பற்றி உறுதியாகப் பேச முடியும். கல்வெட்டும் செப்பேடும் பார்த்து எழுத வேண்டிய சரித்திர நாவலுக்கோ, ஒரு பத்திக்கு ஒரு வாரம் செலவிடுகிற எழுத்துக்கோ இதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். வேகமாக எழுதும்போது பாதியில் வருகிற சோர்வுக்குக் காரணம் பெரும்பாலும் கதைக்குள்தான் இருக்கிறது. கதையில் ஏதோ ஒரு முடிவை நீங்கள் எடுக்காமல் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். அதை எடுக்காமல் அடுத்த காட்சியை எழுத முடியாது. ஆனால் எழுத உட்காரும்போது "முடிவு எடுக்கவில்லை" என்று மனசு சொல்லாது. "இன்றைக்கு மூடு இல்லை" என்றுதான் சொல்லும். முதல் பத்து அத்தியாயங்கள் ஏன் சுலபமாக வந்தன என்று யோசித்துப் பாருங்கள். அவை அறிமுகங்கள். வீட்டை அறிமுகப்படுத்தினீர்கள், அண்ணன்களை, அண்ணிகளை, தெருவை, அப்பாவின் பழைய கடையை. இதெல்லாம் பல வருடமாக உங்கள் தலைக்குள் இருந்தவை. பத்தாவது அத்தியாயத்தோடு அறிமுகம் செய்ய ஆள் தீர்ந்துவிட்டது. இனி யாராவது ஒருவர் எதையாவது செய்தாக வேண்டும், அதனால் இன்னொருவருக்கு ஏதாவது ஆக வேண்டும். கைப்பிரதிகளில் நான் பார்த்தவரை நின்றுபோகிற நாவல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நிற்கின்றன. முதல் அத்தியாயத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதும் இதனால்தான். அங்கே எடுக்க வேண்டிய முடிவு எதுவும் பாக்கியில்லை. பாதுகாப்பான இடம்.

தொடர்கதை எழுதிய காலத்தில் இதை எனக்குப் புரியவைத்தவர்கள் ஓவியர்கள். வாரப் பத்திரிகையில் அத்தியாயத்தோடு படம் வர வேண்டும். படம் வரையவும் அதை அச்சுக்குத் தயார்செய்யவும் நேரம் வேண்டும் என்பதால், நான் அத்தியாயத்தை எழுதுவதற்கு முன்னாலேயே போன் வந்துவிடும்: "இந்த வாரம் படத்துக்கு என்ன சீன்?" அவருக்கு அழகான வாக்கியம் தேவையில்லை. யார் யார் இருக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன, முகத்தில் என்ன, அவ்வளவுதான். "ஆஸ்பத்திரி வராந்தா. அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் டிபன் கேரியரோடு வந்து நிற்கிறார். இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் அந்த வார அத்தியாயம் பாதி முடிந்த மாதிரி. சொல்ல வராமல் நான் இழுத்த வாரங்களில் அத்தியாயமும் இழுத்தது. பத்திரிகைக்காரர்களின் அவசரத்துக்காக ஏற்பட்ட வழக்கம் அது. ஆனாலும் எழுதுவதற்கு முன்னால் முடிவை எடுக்கவைத்ததால், நான் கற்ற எந்த உத்தியையும்விட அது பயன்பட்டது. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் எழுதியபோது ஓவியர் மணியம் அதற்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். நம் தொடர்கதை மரபே இப்படி இரண்டு பேர் வேலையாகத்தான் வளர்ந்தது.

உங்களுக்கு ஓவியர் இல்லை. அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளலாம். கேட்பதற்கான நேரம் இரவு ஒன்பதரை அல்ல என்பது மட்டும் முக்கியம். முடிவெடுப்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பகலெல்லாம் வேலை பார்த்துக் களைத்த மூளை ராத்திரி பத்து மணிக்கு வாக்கியம் எழுதும். ஆனால் கதையின் திசையை முடிவு செய்யச் சொன்னால் படுத்துவிடும். முடிவு செய்வதற்கு மேசையும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம். பேருந்தில் நின்றுகொண்டு செய்யலாம், காய் நறுக்கும்போது செய்யலாம். மதியம் சாப்பிட்டபின் ஐந்து நிமிடம் கிடைத்தால் போனில் மூன்று வரி தட்டி வையுங்கள். நான் சொல்கிற மூன்று வரி இப்படி இருக்கும்: "இன்னிக்கு: செல்வி பத்திரத்தை எடுத்துக்கிட்டு பெரியண்ணன் கடைக்குப் போறா. அவன் இல்ல, கல்லாவில் அண்ணி. பத்திரம் ஒரிஜினலா நகலான்னு அண்ணி கேக்கறா, செல்விக்குப் பதில் தெரியல." இதில் மூன்று விஷயம் முடிவாகிவிட்டது. செல்வி எதற்காகப் போகிறாள், போன இடத்தில் எது குறுக்கே வருகிறது, காட்சி முடியும்போது எது முன்பிருந்த மாதிரி இல்லை. இந்த மூன்றும் தெரிந்தால் 700 சொல் எழுத ஒன்றரை மணி நேரம் போதும். அண்ணியின் புடவை நிறம், கடையில் என்ன வாசனை, எல்லாம் எழுதும்போது தானாக வரும். "செல்விக்கும் அண்ணிக்கும் உரசல்" என்று எழுதி வைத்தால் அது குறிப்பு ஆகாது. தலைப்புதான். ராத்திரி அதைப் பார்த்தால் மறுபடியும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கும்.

எழுத்தை நிறுத்தும் இடமும் இதோடு சேர்ந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவேன் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1958இல் வந்த ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். மிகவும் சரி. அத்தியாயத்தை அழகாக முடித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அடுத்த அத்தியாயத்தின் முதல் இரண்டு வரியை எழுதிவிட்டு மூடுங்கள். வாக்கியம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

வேகமாக எழுதிய நாவல் என்றதும் எல்லோரும் ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தயேவ்ஸ்கியைச் சொல்வார்கள். அந்தச் சம்பவத்தை உற்சாக உரையாக இல்லாமல் ஒரு வேலை முறையாகப் பார்த்தால் நமக்கு நிறைய கிடைக்கும். 1865இல் கடன் தொல்லையில் ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரோடு அவர் ஒப்பந்தம் போட்டார். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் ஒன்றைக் கொடுக்க வேண்டும். தவறினால் ஒன்பது வருடத்துக்கு அவருடைய படைப்புகளை அந்தப் பதிப்பாளர் பணம் கொடுக்காமலே வெளியிட்டுக்கொள்ளலாம். அதே வருடம் 'குற்றமும் தண்டனையும்' பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. அக்டோபர் பிறந்துவிட்டது, புது நாவலில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆளுக்கொரு பகுதி எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்று நண்பர்கள் முன்வந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். அக்டோபர் 4 அன்று அன்னா என்ற இருபது வயது சுருக்கெழுத்துப் பெண் வேலைக்கு வந்தார். 26 நாளில் 'சூதாடி' முடிந்தது. கெடு நாளில் பதிப்பாளர் ஊரில் இல்லை. காவல் நிலையத்தில் கைப்பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். மறு வருடம் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை வேறு. அந்தக் கதையின் கரு 1863இலேயே அவரிடம் இருந்தது. ரோமிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்திருக்கிறார். சூதாட்ட மேசையை அவருக்கு நேரடியாகத் தெரியும், அதில் பணத்தை இழந்தவர். அதாவது 26 நாள் என்பது எழுத்துக்கு ஆன காலம். கதை ஊறிய காலம் மூன்று வருடம். அடுத்தது, நாளைப் பிரித்துக்கொண்ட விதம். இரவில் தனியாகக் குறிப்பு எழுதிவைப்பார். நண்பகலிலிருந்து நான்கு மணிவரை விட்டு விட்டுச் சொல்லச் சொல்ல அன்னா சுருக்கெழுத்தில் எடுப்பார். அன்னா அதை வீட்டில் படி எடுத்துக்கொண்டு வர, மறுநாள் அவர் திருத்துவார். யோசிப்பது ஒரு நேரம், சொல்வது ஒரு நேரம், திருத்துவது ஒரு நேரம். பக்கங்கள் சேரச் சேர அவருக்கு நம்பிக்கை வந்தது என்று அன்னா தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நேற்று எத்தனை பக்கம் ஆனது என்று கேட்பாராம். தினமும் ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதும், பக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரிவதும் எத்தனை பெரிய பலம் என்பது எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். அந்த அபராத ஷரத்து அவரை நாற்காலியில் உட்கார வைத்திருக்கலாம். நாவலை முடிக்கவைத்தது இந்த ஏற்பாடுதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் திருத்தும் பழக்கத்துக்கு வருகிறேன். முதல் பிரதி முடியும்வரை முதல் அத்தியாயத்தைத் திறக்கவே கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். அத்தியாயத்துக்கு ஒரு தனி கோப்பாக வைத்துக்கொண்டு, எழுதி முடித்தவற்றை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். தினமும் எழுதத் தொடங்கும்முன் நேற்று எழுதியதன் கடைசிப் பத்தியை மட்டும் படித்தால் போதும். தூரம் போனபிறகு பழைய அத்தியாயத்தில் மாற்றம் தேவைப்படும், அது நிச்சயம். சின்னண்ணனுக்குக் கடன் இருக்கிறது என்பது பதினைந்தாவது அத்தியாயத்தில்தான் உங்களுக்கே தெரியவரலாம். உடனே மூன்றாவதுக்கு ஓடி அதைச் சேர்க்க வேண்டாம். ஒரு நோட்டில் "அத். 3: சின்னவன் வட்டிக்காரனுக்குப் பயந்து போனை எடுக்காதது" என்று குறித்துக்கொண்டு, அது ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள். பத்திரப்பதிவுக்கு எந்தச் சான்று வேண்டும், அந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்பது போன்ற இடங்களில் இணையத்தில் தேடப் போகாமல் ஒரு குறி போட்டுத் தாண்டிவிடுங்கள். நான் மூன்று நட்சத்திரம் போடுவேன். கடைசியில் அந்தக் குறியைத் தேடினால் எல்லாம் வரிசையாகக் கிடைத்துவிடும்.

கணக்கு விஷயத்தில் நம் ஆட்கள் பலர் ஏமாறுவதைப் பார்க்கிறேன். ஒரு மாதத்தில் 50,000 சொல் என்ற கணக்கு 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் 21 பேர் விளையாட்டாகத் தொடங்கிய நானோரைமோ (NaNoWriMo) என்ற ஒரு மாத நாவல் எழுதும் சவாலிலிருந்து வந்தது. அந்த அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டாலும் எண் மட்டும் உலகமெங்கும் நின்றுவிட்டது. நாளொன்றுக்கு 1,667 சொல். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. "அவள் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டாள்" என்பது நமக்கு மூன்று சொல். ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு தமிழில் தினமும் 1,667 எழுதப் பார்ப்பது வீண் வதை. உங்கள் 35,000 தமிழில் முழு நாவலேதான்.

மீதி 22,000 சொல், கையில் 38 நாள். இதை 38ஆல் வகுக்காதீர்கள். காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத முடியாத நாட்களை இப்போதே அடித்துவிடுங்கள். முகூர்த்த நாள், பிள்ளைக்குப் பரீட்சை, அலுவலகத்தில் மாதக் கடைசி, ஊருக்குப் போகும் இரண்டு நாள். எட்டு நாள் போனால் 30 மிஞ்சும். ஒரு நாளைக்கு 730 சொல். அடித்த நாட்களில் குற்ற உணர்ச்சி இல்லாமல் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காருங்கள். அடிக்காத ஒரு நாள் தவறிவிட்டால், அந்த 730ஐ மறுநாள் தலையில் ஏற்றி 1,460 ஆக்கக் கூடாது. அதைச் சாதிக்க முடியாமல் அடுத்த நாள் 2,190 ஆகும். அதற்கடுத்த நாள் லேப்டாப்பைத் திறக்கவே பயமாக இருக்கும். மீதி இருப்பதை மீதி நாட்களால் மறுபடி வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டால் தினமும் 25 சொல்தான் கூடும்.

தட்டச்சு வேகம்தான் தடை என்றால் போனில் வாய்ஸ் டைப்பிங் முயன்று பார்க்கலாம். தமிழை இப்போது நன்றாகவே எடுக்கிறது. உரையாடலுக்கு மிகப் பொருத்தம். அண்ணி பேசுவதை அண்ணியாகவே பேசிவிடலாம். ஆனால் ல, ள, ழவிலும் ர, றவிலும் பிழை விழும், நிறுத்தற்குறி இருக்காது, வர்ணனையும் பேச்சு நடைக்கு இறங்கிவிடும். அதைத் திருத்த எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு உறுதி உண்டு. இனிச் சொல்பவற்றில் அத்தனை உறுதி இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். முழுக் கதையையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டுமா? நான் திட்டமிடுகிறவள். ஆனால் துப்பறியும் கதைகளுக்குப் பேர்போன ஜார்ஜ் சிமெனான் அப்படிச் செய்யவில்லை. ஒரு கடித உறையின் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, குடும்பம் எல்லாம் எழுதிக்கொள்வார். இந்த மனிதர்களை அவர்களுடைய எல்லைவரை தள்ளக்கூடிய சம்பவம் எது என்று கேட்டுக்கொள்வார். அதை வைத்துத் தொடங்கி நாளுக்கு ஓர் அத்தியாயம். கதை எப்படி முடியும் என்பது எழுதும்போது அவருக்கே தெரியாது. பதினோரு நாள் போல ஆகும். நடுவில் உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் விட்டுப்போனால் அதுவரை எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். பாத்திரங்கள் அவரை விட்டுப் போய்விடுவார்களாம். அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் இடைவெளி விழுந்தால் ஆட்கள் அந்நியமாகிவிடுவது உண்மை. எழுத முடியாத நாளிலும் ஐந்து நிமிடம் அந்த மூன்று வரிக் குறிப்பையாவது போடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

எழுதிய அத்தியாயங்களை அவ்வப்போது இணையத்தில் போடலாமா என்பதும் அப்படித்தான். வாசகர்கள் "யூடி எப்போ சிஸ்?" (அடுத்த பகுதி எப்போது?) என்று கேட்கிற உற்சாகத்திலேயே நூறு அத்தியாயம் எழுதியவர்களை எனக்குத் தெரியும். ஓர் அத்தியாயத்துக்குக் கருத்து குறைந்ததும் கதையைப் பாதியில் விட்டவர்களையும் தெரியும். வில்லனாக நினைத்து வைத்திருந்தவனை வாசகர்களுக்குப் பிடித்துப்போனதால் நல்லவனாக்கி, கதை எங்கேயோ போய்விட்டதும் உண்டு. போடுவதாக இருந்தால் ஐந்து அத்தியாயமாவது கையிருப்பில் இருக்கட்டும். உங்கள் போட்டி விதிகளில் முன்பே வெளியானது கூடாது என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தினமும் ஒரே ஒருவருக்கு அன்றைய சொல் எண்ணிக்கையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது மேல். அவர் கதையைப் படிக்க வேண்டாம், கருத்தும் சொல்ல வேண்டாம். எண் வரவில்லை என்றால் "என்னாச்சு?" என்று கேட்கிற ஆளாக இருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கதையில் அப்பா இறந்திருக்கிறார். உங்கள் சொந்த வாழ்க்கையில் அதற்கு நெருக்கமாக ஏதாவது நடந்திருந்தால், அதுவும் சமீபத்தில் என்றால், பதினோராவது அத்தியாயத்தில் கை நின்றதற்கு நான் சொல்கிற காரணம் பொருந்தாமல் போகலாம். அழுகை வருகிற இடத்துக்குக் கெடு வைக்க முடியாது. அதேபோல எழுத்து மட்டுமல்லாமல் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாமே வேண்டாம் என்று இருந்தால், அதை நாவல் பிரச்சினையாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். போட்டி அடுத்த வருடமும் வரும்.

அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு உங்கள் கதைக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய சுருக்கத்தை நாலைந்து முறை படித்தேன். வீடு விலைக்கு வருகிறது. பெரியண்ணனுக்கு விற்க வேண்டும். சின்னண்ணனுக்கு விற்கக் கூடாது. மகளுக்கு? "அவள் இருவருக்கும் நடுவில் தவிக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கதை நிற்பது இங்கேதான். தவிக்கிறவளை வைத்துப் பத்து அத்தியாயம் எழுதலாம். பதினோராவதில் அவள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு இருக்கிறது. அவள் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் அண்ணன்களால் விற்க முடியாது. அதிகாரம் அவளிடம்தான் இருக்கிறது. அது அவளுக்கே இன்னும் தெரியவில்லை என்பதுபோல நீங்கள் எழுதிக்கொண்டு போகிறீர்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்பதை நாளைக் காலை பேருந்தில் போகும்போது முடிவு செய்யுங்கள். எந்தப் பக்கம் என்றாலும் சரி. பின்னால் அவள் மனம் மாறலாம், அதுவே இன்னும் ஐந்து அத்தியாயத்துக்குக் கதை கொடுக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. சார்பதிவாளர் அலுவலகக் காட்சி ஒன்று கடைசியில் வரும் என்றும், அது மட்டும் கண்முன்னால் தெளிவாகத் தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மரத்தடியில் பத்திரம் எழுதுபவர், இங்க் ஒட்டிய கட்டைவிரலைத் துடைக்கத் துணி தேடும் பெரியவர் என்று இரண்டு வரி போட்டிருந்தீர்களே, உங்கள் கேள்வியிலேயே உயிரோடு இருந்த இடம் அதுதான். வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. பதினோராவதை அப்படியே விட்டுவிட்டு இன்று இரவு அந்தக் காட்சியை எழுதுங்கள். அங்கே அவள் எந்த முகத்தோடு வந்து நிற்கிறாள் என்று எழுதிப் பார்த்தால், அவள் கையெழுத்துப் போடுகிறவளா இல்லையா என்பது தெரிந்துவிடும். நாளைக்கு பதினோராவதுக்குத் திரும்பி வரலாம்.